நில், பை, மௌத்

ஆண்கள் வார்ட்டில் ஆட்களைப் பார்க்க விடுவது மத்தியானத்துக்குத்தான். அதற்கு முன் ஒரு பெண்பிள்ளை வாசலில் எட்டிப் பார்த்தாலே காவல்காரர் விரட்டிவிடுவார். அன்று காலையிலேயே றிஷ்னா உள்ளே நின்றாள் என்றால், அது பஸீனா டீச்சர் தெரியாமல் செய்த உபகாரம்.

ஓ.எல். சோதனை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரித் தொழில்களைக் காட்டுவதற்காக டீச்சர் அவர்களைப் புத்தளத்துக்குக் கூட்டி வந்திருந்தார். தாதி, மருந்தாளர், எக்ஸ்ரே எடுப்பவர், இரத்தம் சோதிப்பவர் என்று டொக்டரைத் தவிரவும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், அதுவும் நம் பிள்ளைகளால் முடிந்த வேலைதான் என்று காட்டிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் றிஷ்னா அதற்காகவா வந்தாள்? இரத்தத்தைக் கண்டால் தலை சுற்றுகிற பிள்ளை அவள். குர்பான் கொடுக்கிற நாளில் மாட்டை அறுத்து முடியும்வரை கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள்ளேயே கிடப்பாள். முதலில் பெயர் கேட்டபோது மாட்டேன் என்றவள், முந்தின நாள் பின்னேரம் டீச்சருக்குப் போன் எடுத்து, "நானும் வாறன் டீச்சர்" என்றாள். டீச்சருக்கு ஒரே சந்தோசம். அவளுடைய வாப்பா அந்த வார்ட்டில்தான் படுத்திருக்கிறார் என்பது டீச்சருக்குத் தெரியாது.

வாப்பாவின் பெயர் நளீம். கற்பிட்டிக் களப்பில் மீன் பிடிப்பவர். அடிவயிற்றில் அவருக்கு ஒரு வீக்கம் இருந்தது. படகு இழுக்கும்போது வெளியே தள்ளும், படுத்தால் உள்ளே போய்விடும். அதை யாரிடமும் சொல்லாமல் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டார். ஆம்பிளை வீம்பு, வேறென்ன? முந்தின நாள் அந்த வீக்கம் உள்ளே போகவில்லை. மனுஷன் மணலில் சுருண்டு விழுந்து கத்தினார். வாப்பா கத்தி றிஷ்னா அதுவரை கேட்டதில்லை. அந்தச் சத்தம் இன்னும் அவள் காதுக்குள் இருந்தது.

வார்ட்டில் ஒரு மிஸ்ஸி பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்து பிரஷர் பார்க்கக் காட்டினாள். நம் பக்கத்தில் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். இவள் சிலாபத்துப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை, தமிழ் நாலு வார்த்தை வரும். எல்லோரும் அந்தக் கருவியைப் பார்த்துக்கொண்டிருக்க, றிஷ்னா மெல்ல நழுவி ஜன்னலோரக் கட்டிலுக்குப் போனாள்.

வாப்பா கூரையைப் பார்த்தபடி, சாகிற நேரத்தில் சொல்கிற கலிமாவைச் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. மகளைக் கண்டதும் உதடு கோணி அழுகை வந்துவிட்டது.

"மகள், டொக்டர் சொல்லிட்டாரு."

"என்ன வாப்பா சொன்னாரு?"

"விடியக்காலைல எல்லாரும் வந்து சுத்தி நிண்டாங்க. என்னமோ சிங்களத்துல கதைச்சாங்க. பொறகு பெரிய டொக்டர் என்னக் காட்டி, நில்லுண்டாரு, பையிண்டாரு, மௌத்துண்டாரு."

நம் ஆட்களின் பேச்சில் மௌத் என்றால் சாவு; றிஷ்னா மூன்று சொல்லையும் சேர்த்துப் பார்த்தாள். நில், பை, மௌத். இதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? வைத்தியத்தை நிறுத்து, பையைக் கட்டு, இவர் மௌத்தாகப் போகிறார்.

"வெளங்காம கேட்டீங்களோ?"

"சீ, ரெண்டு தரம் சொன்னாரு. காலைல தின்ன எல்லாருக்கும் பாண் குடுத்தாங்க. என்ட கட்டில மட்டும் தாண்டிப் போனாங்க. கேட்டதுக்குக் கைய ஆட்டிட்டுப் போறாங்க. மௌத்தாகப் போறவனுக்கு என்னத்துக்குப் பாண்?" அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். "என்ன ஊட்ட கூட்டிட்டுப் போ மகள். உங்கட உம்மாட முகத்தப் பாத்துட்டு, கிப்லாவப் பாத்துப் படுத்துக்கிறன். இங்க தனிய வாணாம். இந்த ஊசியக் கழட்டு."

கால்களைத் தரையில் வைத்தபோது வலியில் அவர் முகம் சாம்பல் நிறமானது. றிஷ்னா சேலைன் ஊசியின் பிளாஸ்டரில் கை வைத்தாள். வாப்பா சொல்லி மறுத்துப் பழக்கமில்லை. பிளாஸ்டரின் ஒரு ஓரம் கழன்றது. அந்தக் குழாயில் இரத்தம் திரும்பி ஏறுவதைக் கண்டாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழட்டினாலும் பயம், கழட்டாவிட்டாலும் பயம். அல்லாஹ்வே, நான் என்ன செய்வேன் என்று உள்ளுக்குள் அழுதாள்.

அதற்குள் மிஸ்ஸி கண்டுவிட்டாள். "எழும்ப வேணாம், எழும்ப வேணாம்" என்று ஓடிவந்து வாப்பாவின் தோளைப் பிடித்தாள்.

றிஷ்னா அவளிடமே கேட்டாள். "மிஸ்ஸி, வாப்பா... மௌத்தா?"

"ஓம், ஓம்" என்று சிரித்த முகத்தோடு தலையாட்டினாள் மிஸ்ஸி. "நில் பை மௌத்."

வாப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஒரு மனுஷி இதைச் சிரித்துக்கொண்டா சொல்வாள்? மகளின் முகத்தைப் பார்த்துப் பதறிப்போன மிஸ்ஸி, தன் வாயைத் தொட்டுக் காட்டினாள். "கட்டின் மொகுத் தென்ன எப்பா. ஒப்பரேஷன்."

கரையில் மீன்காரர் தங்கும் வாடிகளில் கேட்டுக் கேட்டு றிஷ்னாவுக்குச் சிங்களம் கொஞ்சம் தெரியும். வாயால் ஒன்றும் கொடுக்கக்கூடாது. வாய்.

மூன்றாம் வகுப்பில் இங்கிலீஷ் டீச்சர் உடம்பின் உறுப்புகளைச் சொல்லித்தந்த நாள் அப்போதுதான் ஞாபகம் வந்தது. டீச்சர் வாயைத் தொட்டு "மௌத்" என்றதும் வகுப்பே சிரித்தது. ஒருத்தன் மேசையில் கண்ணை மூடிப் பிணம்போலப் படுத்து ஜனாஸா காட்டி அடி வாங்கினான். அன்று அவளும் வயிறு நோகச் சிரித்தாள்.

"வாப்பா, இங்கிலீஷுல வாய்க்குத்தான் மௌத்துண்டு சொல்ற. வெட்டி முடியும்வரைக்கும் வெறு வயித்தோட இரிக்கணுமாம். அதுதான் பாண் தரல்ல."

"என்ன ஏமாத்தாத மகள்."

"வல்லாஹி வாப்பா, சத்தியம்."

அவர் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லப் படுத்துக்கொண்டார். கழன்ற பிளாஸ்டரை மிஸ்ஸி திரும்ப ஒட்டினாள். வீக்கத்துக்குள் சிக்கியிருந்த குடல் இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அழுகியிருக்கும் என்று பிறகு டொக்டர் சொன்னார். அவரை வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தால், அந்தச் சொல் உண்மையாகவே ஆகியிருக்கும்.

மற்றப் பிள்ளைகள் எக்ஸ்ரே பார்க்கப் போனார்கள். விசயம் தெரிந்த பஸீனா டீச்சர் ஏசவில்லை, உள்ளே விடாததால் காலையிலிருந்து வாசலிலேயே நின்ற உம்மாவைக் கூட்டி வந்து றிஷ்னாவின் பக்கத்தில் உட்காரவைத்தார். வாப்பாவைக் கொண்டுபோன ஒப்பரேஷன் தியேட்டரின் கதவு திறக்கும்போதெல்லாம் இருவரும் எழுந்து எழுந்து உட்கார்ந்தார்கள்.

பின்னேரம் வாப்பாவுக்குக் கண் திறந்தது. "தண்ணி" என்றார். அப்போதும் கொடுக்கக்கூடாதாம். மிஸ்ஸி ஒரு பஞ்சை நனைத்து, உதட்டில் மட்டும் தொடும்படி றிஷ்னாவின் கையில் கொடுத்தாள்.

உயிர் பிரியும் நேரத்தில்தான் நம் வீடுகளில் இப்படி நனைத்த பஞ்சை உதட்டில் வைப்பார்கள். உம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். வாப்பாவும் பஞ்சைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அவர் பயந்து பயந்து வாயைத் திறந்தார். றிஷ்னா பஞ்சை ஒற்றினாள்.

"பத்தாது" என்றார் வாப்பா. "ஒரு பிளேன்டீ கிடைச்சா நல்லம்."

உம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

றிஷ்னா இப்போது அதே வார்ட்டில் மிஸ்ஸி. வருசா வருசம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள், "இரத்தத்தைக் கண்டா பயமில்லையா மிஸ்ஸி?" என்று கேட்கிறார்கள். பயம்தான் என்கிறாள். இன்னும் தலை சுற்றும், கம்பியைப் பிடித்துக்கொள்வேன் என்கிறாள். டீச்சர்மாருக்கு இந்தப் பதில் அவ்வளவு பிடிப்பதில்லை.

டொக்டர் கட்டிலைக் காட்டி "நில் பை" என்று தொடங்கினால் போதும், அவர் முடிப்பதற்குள் றிஷ்னா படுத்திருக்கும் ஆளின் பக்கம் குனிந்து தன் வாயில் விரலை வைத்துவிடுவாள்.

"வாய் வாப்பா, வாயைத்தான் சொல்றாரு."