மின்விசிறிக்குக் கொடுத்த பேட்டரி

அழித்தவன் நான்தான். கறையான் இல்லை, புயல் இல்லை, ஞானப்பிரகாசம் மாமாவும் இல்லை. எங்கள் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டை, அதிலிருந்த அத்தனை பெயர்களையும், இந்த வலது கை ஆள்காட்டி விரலால் நான் அழித்தேன்!

இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன்? உங்களுக்கு என் முகம் தெரியாது. கோழைக்கு அது வசதி. பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிடும்போதெல்லாம் "பொய் சொன்னேன் சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன். எந்தப் பொய் என்று அவர் இதுவரை கேட்டதில்லை.

நான் ரங்கூனில் கணினி பழுது பார்ப்பவன். வீட்டு முன்னறைதான் கடை. ஞானப்பிரகாசம் மாமா எங்கள் கோயிலின் எழுத்தர். எனக்கு உறவில்லை, கோயிலில் எல்லாருக்குமே அவர் மாமா.

பெரும்புயலில் கோயில் கூரை பறந்தபோது பழைய பதிவேடுகள் நனைந்து கட்டிதட்டிப் போயின. மாமா ஒவ்வொரு தாளாகப் பிரித்து உலர்த்தி, படம் எடுத்து, படிக்க முடிந்ததையெல்லாம் ஒற்றை விரலால் கணினியில் ஏற்றினார். வருடக்கணக்கில் நடந்த வேலை அது. அது முடிவதற்குள் ஏடுகளைக் கறையான் தின்றுவிட்டது. மிஞ்சிய குப்பையை எரிக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியின் என்ற ஊரின் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டி, ஜெபம் சொல்லிப் புதைத்தார். நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

ஆகவே படங்களும் பெயர்களும் இருந்தது அந்தக் கணினியில் மட்டும்தான். மாமா வைத்திருந்த ஒரே பென் டிரைவும் மழைக்காலத்தில் செத்துப்போயிருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும்... தெரிந்துதான் செய்தேன்.

சென்ற கோடையில் யாரோ கோயிலுக்குப் புது பிரின்டர் ஒன்று கொடுத்தார்கள். அது பழைய விண்டோஸோடு பேச மறுத்தது. கண் மூடுவதற்குள் எல்லாப் பெயர்களையும் அச்சிட்டுப் புத்தகமாகக் கட்டிவிட வேண்டும் என்பது மாமாவின் ஆசை. கணினியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"காப்பி எடுத்துட்டுத் தொடு தம்பி. இதுல நம்ம சனம் மொத்தமும் இருக்கு."

"சரி மாமா. ரெண்டு மணிக்கு வாங்க, ரெடியா இருக்கும்."

புது விண்டோஸ், பழைய முறையில் பங்கிட்ட ஹார்ட் டிஸ்க்கில் உட்காராது. முதலில் டிஸ்க்கைப் புதிய முறைக்கு மாற்ற வேண்டும். உள்ளே இருப்பது கலையாமல் மாற்றித்தர மென்பொருள் உண்டு. எத்தனையோ முறை செய்திருக்கிறேன், ஒருமுறையும் பிசகியதில்லை. அந்தத் திமிர்தான்!

காப்பி எடுக்க ஒரு மணி நேரம் போதும். ஆனால் எங்கள் தெருவில் மின்சாரம் முறைவைத்து வருகிறது. அன்று ஒன்பது முதல் ஒன்று வரை எங்கள் முறை. காப்பிக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் மீதி வேலை மாலை முறைக்குத் தள்ளிப்போகும். இரண்டு மணி என்று வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டதே... காப்பி எடுக்காமலே தொடங்கினேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கடையில் ஒரு பேட்டரி உண்டு. முறை தவறி மின்சாரம் போனாலும் கணினி அணையாமல் காக்கும். அன்று வெயில் தாங்கவில்லை. மின்சாரம் போனாலும் காற்று நிற்கக் கூடாதென்று பேட்டரியை மின்விசிறிக்குக் கொடுத்திருந்தேன். கணினியைச் சுவர் பிளக்கில் செருகியிருந்தேன்.

பதினொன்றே காலுக்கு மின்சாரம் போனது. டிஸ்க் பாதி மாறியிருந்தது. திரை கறுத்துவிட்டது. தலைக்கு மேல் மின்விசிறி மட்டும் சுகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

இதுவரை நடந்ததை விபத்து என்று நீங்கள் மன்னிக்கக்கூடும். அவசரப்படாதீர்கள்!

அரை மணி கழித்துத் தெருவே "மீ லாபி!" என்று கத்தியது. மின்சாரம் வந்தால் இந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் கத்துவார்கள். கணினியைப் போட்டேன். டிஸ்க்கில் எதுவுமே இல்லை என்றது. அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். குலைந்தது எது எங்கே இருக்கிறது என்று காட்டும் பங்கீட்டு அட்டவணைதான். பெயர்கள் உள்ளே வைத்த இடத்திலேயே இருந்தன. டிஸ்க்கைக் கழற்றி, எதையும் அதில் எழுதாமல், பொறுமையாகத் தேடியிருந்தால் பெரும்பகுதியை மீட்டிருக்கலாம். இரண்டு நாள் ஆகியிருக்கும். ஆனால் மாமாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும். காப்பி எடுக்கவில்லை என்று... எனக்குக் காற்று வேண்டியிருந்தது என்று...

அந்த டிஸ்க்கை முழுவதுமாகத் துடைத்து, அதன்மேல் புது விண்டோஸை ஏற்றினேன். "எல்லாம் அழிந்துவிடும், தொடரவா?" என்று கேட்டது. தொடர் என்று அழுத்தினேன். என் வெட்கத்தை மறைக்க ஒரு சனத்தின் பெயரை அழித்தேன்.

மாமா இரண்டு மணிக்கு வந்தார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. கணினியை முறையாக அணைக்காமல் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். அது எனக்குக் கைகொடுத்தது.

"காப்பி எடுக்கத்தான் மாமா திறந்தேன். உள்ள ஒண்ணுமே இல்ல. நீங்க பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கி டிஸ்க் கெட்டுப்போயிருக்கு. எப்படியோ உசுரு குடுத்து அதுலயே புது விண்டோஸ் ஏத்திட்டேன்."

அவர் வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தோளைத் தட்டினார். "யாபாதே தம்பி, யாபாதே... நீ என்ன பண்ணுவ?" பரவாயில்லை என்பதற்கு இங்கே நாங்கள் சொல்லும் பர்மியச் சொல் அது.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும் மாமா பீடத்தின் கீழே போய் நின்றார். "நம்ம பெரியவங்க பேரெல்லாம் என் கையால போயிருச்சு. என் முட்டாத்தனம். மன்னிச்சிருங்க" என்று எல்லார் முன்னாலும் அழுதார். என் பாவத்தை அவர் அறிக்கையிட்டார்! நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நிற்க நான்கு விநாடி போதும்... எழவில்லை. மனிதனா நான்?

அன்று வாசலில் செலின் காத்திருந்தாள். நகர ஓரத்து லைங் தாயாவில் தையல் ஆலைத் தொழிலாளி. அவளுக்கு இன்னும் மப்பொந்தின், அதாவது குடியுரிமை அட்டை, கிடைக்கவில்லை. தாத்தா இந்த மண்ணில் பிறந்தவர் என்பதற்குத் தாள் கேட்கிறார்களாம். அந்தத் தாளைத்தான் மாமா அச்சிட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

"தாத்தா பேரு எனக்குத் தெரியும்மா, சூசைமுத்து. நானே தட்டினேன். தேதிதான்... தேதி வரமாட்டேங்குதே" என்று மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அழாதீங்க மாமா" என்று அவள்தான் அவரைத் தேற்றினாள். பிறகு பேருந்து பிடிக்கப் போய்விட்டாள். அட்டை இன்றுவரை அவளுக்கு வரவில்லை.

இப்போது மாமா தன்லியினுக்குப் பேருந்தில் போய்க் கல்லறைக் கற்களில் இருப்பதை நோட்டில் எழுதிவருகிறார். கல் வைக்க வசதியில்லாதவர்களே அங்கே அதிகம். சூசைமுத்துவுக்கும் கல் இல்லை. சனிக்கிழமைகளில் என் கடையில் உட்கார்ந்து, அதே கணினியில், நோட்டைப் பார்த்துத் தட்டுகிறார். "கெட்டுப்போன" அந்த டிஸ்க் அன்றிலிருந்து ஒருமுறைகூட மக்கர் செய்யவில்லை. ஏன் என்று அவர் என்னைக் கேட்டதில்லை.

போன சனிக்கிழமையும் வந்திருந்தார். ஏழு பெயர் ஏற்றினார். முடித்ததும் நான் சொல்லிக்கொடுத்தபடி அணைத்துவிட்டு, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு திரை முழுதும் இருளும்வரை காத்திருந்தார். பிளக்கின் பக்கம் விரலைக்கூட நீட்டவில்லை.

"இப்பப் பிடுங்கலாமா தம்பி? ஒண்ணும் ஆயிராதே?"

"ஆகாது மாமா" என்றேன்.