எஸ்தர் டீச்சரின் நான்கு குழிகள்

எங்கள் ஊர் சர்ச் வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. எழுத்துக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து, வழியில் எதைக் கண்டாலும் நின்று வாசித்துவிடுவேன். அன்றும் நின்றேன். "நமது சபையைச் சேர்ந்த எஸ்தர் டீச்சர் மதுரையில் நித்திரையடைந்தார்கள். அடக்க ஆராதனை மாலை நான்கு மணிக்கு." அவ்வளவு நீளத்தை எங்கும் திக்காமல் வாசித்து முடித்தேன் என்ற சந்தோஷம்தான் முதலில் வந்தது. அர்த்தம் பிறகுதான் வந்தது. அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

டீச்சரைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய கொட்டகையும் தெரிந்திருக்கும். கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர், சின்னமனூர் வாழைத்தோப்பு ஓரத்தில் கொட்டகை போட்டு, வாழைநாரையும் மரவள்ளி மாவையும் கலந்து சூட்டில் அழுத்தி நாற்றுக் கப்புகள் செய்தார். மேகமலையில் ஏலநாற்று வளர்க்கும் கருப்புப் பிளாஸ்டிக் பைக்கு மாற்று அது. கப்போடு நட்டுவிட்டால் மண்ணோடு மண்ணாகிவிடும். "மக்கணும்ணே. ஆனா நாம சொன்ன நேரத்துல மக்கணும். அதான் கஷ்டம்" என்பார். நார் உரித்துக் காயவைத்து வெட்டிக் கொடுப்பது என் வேலை.

எனக்கு எழுத்துத் தெரியாததை அவரிடம் மறைத்தேன். சீட்டு எழுதிக் கொடுத்தால், "கண்ணாடிய வீட்ல வச்சுட்டு வந்துட்டேன் டீச்சர், நீங்களே வாசிச்சிருங்க" என்பேன். ஒருநாள் தேனியிலிருந்து ஒரு கண்ணாடி வாங்கி வந்து, "இத இங்கனயே ஆணியில மாட்டி வைங்க" என்றார். அதைப் போட்டுக்கொண்டு சீட்டையே முறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அந்த வருடம் நான்கு விதக் கலவையில் கப்பு செய்து நான்கு குழிகளில் புதைத்தார். ஒவ்வொன்றின் மேலும் கலவையின் பெயர் எழுதிய குச்சி. மழைக்காலம் முடிந்ததும் தோண்டிப் பார்க்க வேண்டும். நடுவில் களை வெட்டும்போது இடைஞ்சலாக இருந்ததென்று நான்கு குச்சிகளையும் பிடுங்கி வரப்பில் போட்டேன். திரும்ப நடும்போது எது எங்கே இருந்ததென்று தெரியவில்லை. கேட்டால் குட்டு உடைந்துவிடும். தோன்றியபடி நட்டுவிட்டேன். மண்ணில் கிடந்த கப்புகளைப் பார்த்து யாரும் வித்தியாசம் சொல்ல முடியாது. டீச்சர் குச்சியைத்தான் நம்பினார்.

குச்சி மாறியதால், சீக்கிரம் உதிரும் கலவையே நல்லதென்று தேர்வாகி மலைக்குப் போனது. எஸ்டேட் சூப்பர்வைசர் கொட்டகைக்கே வந்து, எல்லோர் முன்பும், "டீச்சரம்மா, நீங்க குடுத்தது கப்பா, அப்பளமா? ரெண்டு மழைக்கே நமத்துப்போச்சு!" என்று சிரித்தார். டீச்சரும் சேர்ந்து சிரித்தார். சூப்பர்வைசர் போனபின், "எங்கயோ நாந்தாண்ணே தப்புப் பண்ணிட்டேன்" என்று நோட்டை முதலிலிருந்து புரட்ட ஆரம்பித்தார். இரண்டு வருடம் புரட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து நார் வெட்டிக்கொண்டிருந்தேன்.

வாயால் சொல்ல முடியாததை எழுதியாவது கொடுக்கலாம் என்றுதான் சமுதாயக் கூடத்து மாலை வகுப்பில் சேர்ந்தேன். குச்சிகளை மாற்றி நட்டதைச் சொன்ன என் முதல் கடிதம் ஐந்து வரி. டீச்சர் வாசித்தார், மடித்தார், எழுந்து போய்விட்டார். எட்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் வந்து கத்தினார். "ஏன்ணே, எழுத்து தெரியாதுன்னா நான் என்ன கடிச்சா தின்னுருவேன்? ரெண்டு வருசம்ணே! எனக்கென்ன இருபது வயசா?" பிறகு மண்வெட்டியை என் பக்கம் தள்ளினார். "தோண்டுங்க. திரும்பப் புதைப்போம். இந்தத் தடவ குச்சியில நீங்களே எழுதுங்க."

எழுதினேன். அந்த மழை முடியும் முன்பே அவர் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

எழுதுவது எனக்கு இன்னும் பண்டிகை மாதிரிதான் இருக்கிறது. இதை எழுத ஆறு நாளானது, ஆறு நாளும் சந்தோஷமாகவே இருந்தேன். அது வேறு வெட்கம். மன்னித்தேன் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. அவர் பேசாமலிருந்த அந்த எட்டு நாளைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வாரம் குழிகளைத் தோண்ட வேண்டும். கப்பு நன்றாக வந்திருந்தால், நான் குச்சிகளை மாற்றாமல் இருந்திருந்தால் அவர் இரண்டு வருடத்துக்கு முன்பே அதைக் கையில் வாங்கிப் பார்த்திருப்பார் என்று ஆகிவிடும். அதனால் நன்றாக வந்திருக்கக் கூடாதென்று நேற்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். டீச்சர் இருந்திருந்தால் இதற்கும் எட்டு நாள் பேசியிருக்கமாட்டார்.