பதினான்காம் விதியும் ஒரு வணக்கமும்

புர்கியின் கத்தரிக்கோலுக்குப் பயப்படாத தகப்பன் எங்கள் நான்கு பள்ளத்தாக்குகளிலும் கிடையாது. முழுப் பெயர் நோட்புர்கா. முடிவெட்டும் கடை வைத்திருக்கிறாள். பெண்களுக்கும் வெட்டுவாள், ஆண்களுக்கும் வெட்டுவாள், ஒரு தடவை பாதிரியாரின் நாய்க்கும் வெட்டியிருக்கிறாள். இருபத்தாறு வருடமாக நான்கு பள்ளத்தாக்குச் சிறுவர் பனிச்சறுக்குப் பந்தயச் சங்கத்தின் தலைவியும் அவள்தான். இரண்டும் ஒரே வேலை என்பது அவள் நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் வெட்டி முடித்ததும் கத்தரிக்கோலைக் காதுக்குப் பக்கத்தில் அப்படியே நிறுத்திவிடுவாள்.

"ஞாயித்துக்கிழமை பந்தயம். கம்பக் காவலுக்கு ஒரு ஆள் கொறையுது."

"அன்னிக்கு எங்க மாமியார் வீட்ல விருந்து, புர்கி..."

"அப்படியா? சரி, இந்தப் பக்கம் இப்படியே இருக்கட்டும். பாக்க நல்லாத்தான் இருக்கு."

அரைத் தலையோடு மாமியார் வீட்டுக்கு எவன் போவான்? சரிவில் நட்ட சிவப்பு, நீலக் கம்பங்களைப் பிள்ளைகள் ஒழுங்காகச் சுற்றி வருகிறார்களா என்று பனியில் நின்று பார்க்கும் காவலர்கள் எல்லோரும் இப்படிப் பிடிபட்டவர்கள்தான். என் தலையில் முடி கிடையாது. தபால் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற காஸ்பர் நான். நானாகவே வந்து, முடிவுக் கோட்டருகே நேரம் குறிக்கும் கடிகாரக் குடிசையில் உட்கார்ந்தவன். இருபது வருடத்தில் ஒரு நாளாவது அதைப் பாராட்டி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சங்கத்துக்கு அறுபத்தோரு விதிகள். அத்தனையும் புர்கி எழுதியவை. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு தகப்பன் இருக்கிறான். முடிவுக் கோட்டுக்குப் பத்து மீட்டருக்குள் தகப்பன்மார் அழக்கூடாது என்பது ஒன்பதாம் விதி. பனியைக் குறை சொல்லக்கூடாது என்பது பதினொன்று. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதையாக இங்கே தோற்ற பிள்ளையின் அப்பன் எல்லாம் பனி கோணல் என்றுதான் சொல்வான். பத்து நிமிடத்துக்கு மேல் எடுத்தால் வந்து சேராததாகக் கணக்கு என்பது நாற்பதாம் விதி. ஒரு பையன் பாதி வழியில் உட்கார்ந்து ரொட்டியும் பன்றிக்கறியும் சாப்பிட்டு, தெர்மாஸில் தேநீரும் குடித்துவிட்டு வந்த பிறகு எழுதியது.

எல்லாவற்றிலும் பெரியது பதினான்காம் விதி. கிளம்பிய பிள்ளை கோட்டைத் தாண்டும்வரை அதனிடம் எவரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினால் பிள்ளைக்குத் தகுதி நீக்கம். இந்த விதியின் தகப்பன் எங்கல்பெர்ட், ஹோட்டல்காரன். தன் பையன் வெண்டல் சறுக்கும்போது சரிவின் ஓரமாகவே ஓடிக்கொண்டு, "முட்டிய மடக்குடா! மடக்குடா! உங்கம்மா வீட்டுப் புத்தி அப்படியே வந்திருக்கு!" என்று கத்தியவன். பதினான்கு வந்த நாளிலிருந்து வாயை மூடிக்கொண்டான். ஆனால் வேறு எவன் வாயைத் திறந்தாலும் கால் மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் எதிர்ப்பு மனு கொடுத்துவிடுவான். மனுக் காகிதத்தைக் கட்டாக அச்சடித்து வைத்திருந்தான்.

போன குளிர்காலத்தில் மாநில அலுவலகத்திலிருந்து ஓலை வந்தது. கடைசிப் பந்தயத்தின் முடிவுப் பட்டியலில் குறைந்தது ஐந்து கிளப்புகளின் பிள்ளைகள் இல்லையென்றால் சங்கம் கலைக்கப்படும், கீழ்ச் சமவெளிச் சங்கத்தோடு சேர்க்கப்படும் என்று. கீழே போனால் இரண்டு மணி நேர பஸ். அதோடு அங்கே வேகமான பிள்ளைகளை மட்டும்தான் எடுப்பார்கள். மெதுவானவர்களுக்குச் சரிவில் இடமே இல்லை. புர்கி அந்தக் கடிதத்தைக் கடைக் கண்ணாடியில் ஒட்டி வைத்தாள். வந்தவர்கள் எல்லாம் தங்கள் முகத்துக்குக் குறுக்கே அதைப் படித்தார்கள்.

எங்களிடம் சரியாக ஐந்து கிளப். ஐந்தாவது ஹின்டர்கார். பள்ளத்தாக்கின் கடைசி ஊர். அந்தக் கிளப்புக்குத் தலைவர் உண்டு, துணைத் தலைவர் உண்டு, செயலாளர் உண்டு, கொடி பிடிக்க ஒரு ஆள் உண்டு. பந்தயத்தில் ஓடுவதற்கு மட்டும் ஒரே ஒரு பிள்ளை: ஒன்பது வயது சென்ஸி. கிளப் தலைவர் குவிரினின் மகள்.

சென்ஸிக்குச் சறுக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. குவிரின் நன்றாகவே பழக்கியிருந்தான். அவன் நன்றாகப் பழக்கிய இன்னொரு விஷயம், மலையில் கண்ணில் படுகிறவருக்கு வணக்கம் சொல்லாமல் கடக்கக்கூடாது, அவர் பதில் சொல்லாமல் நகரக்கூடாது என்பது. அவ்வளவு உயரத்தில் பதில் சொல்லாத மனிதனுக்கு ஏதாவது ஆகியிருக்கலாம் அல்லவா? ஹின்டர்காரில் எல்லோரும் இப்படித்தான். ஆகவே சென்ஸி ஒவ்வொரு கம்பக் காவலருக்கு முன்னாலும் சர்ரென்று நிற்பாள்.

"வணக்கம்!"

ஒரு குழந்தை முகத்தைப் பார்த்து வணக்கம் சொன்னால் எந்தக் கல்நெஞ்சன் சும்மா நிற்பான்? "வணக்கம்டா கண்ணு" என்று வாய் தானாக வந்துவிடும். எங்கல்பெர்ட் மனுவோடு வந்துவிடுவான். அந்த வருடம் அதுவரை ஐந்து பந்தயம், ஐந்து தகுதி நீக்கம். தகுதி நீங்கினால் பெயர் முடிவுப் பட்டியலில் ஏறாது.

கடைசிப் பந்தயத்துக்கு மாநில அலுவலகத்திலிருந்து டாக்டர் லெர்ஷர் வந்தார். ஊசி போடும் டாக்டர் அல்ல, படிப்பு டாக்டர். கையில் எங்கள் விதிப்புத்தகம். லிஃப்டில் புர்கியோடு அவர் ஏறினார், பின் நாற்காலியில் நான். எங்கள் பக்கத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேல் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான். லிஃப்டின் மூன்றாவது தூணில் அந்த உயரத்தைக் காட்டும் பலகையே இருக்கிறது.

"விதிய இப்ப மாத்த முடியாதா, டாக்டர்?" என்றாள் புர்கி.

"மூணாம் விதிப்படி, ஜூன் மாசப் பொதுக்குழுவுலதான் மாத்த முடியும், அம்மா. அதையும் நீங்கதான் எழுதியிருக்கீங்க." மூன்றாவது தூண் கடந்ததும் அவர் பேச்சும் 'நீ'க்கு மாறியது. "உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கிட்டியே, புர்கி!"

"சும்மா இருய்யா. உன் கிருதா ஒண்ணு மேல இருக்கு, ஒண்ணு கீழ இருக்கு. எவன் வெட்டுனான்?"

அவர் வழி முழுக்கக் கிருதாவைத் தடவிக்கொண்டே வந்தார்.

புர்கி ஏற்கெனவே சென்ஸியிடம் பேசிப் பார்த்திருந்தாள். அன்று ஒரு நாளைக்கு மட்டும் யாருக்கும் வணக்கம் சொல்லாதே என்று. "அவங்கல்லாம் என்ன தப்பு பண்ணாங்க?" என்று கேட்டாளாம் பிள்ளை. புர்கி தோற்றுத் திரும்பினாள். வாழ்நாளில் முதல் தடவையாக.

கடைசியில் வழி சொன்னது எங்கல்பெர்ட்தான். தன் மனுக்கள்தான் சங்கத்துக்குக் குழி தோண்டின என்பது அவனுக்கு உறைக்க ஐந்து பந்தயம் பிடித்தது. சங்கம் போனால் வெண்டலும் போவான். கீழ்ச் சமவெளியில் வெண்டல் மாதிரி எழுபது பேர்.

"ஆளைப் பாத்தாத்தானே வணக்கம் சொல்லுவா? பாக்காமப் பண்ணிடுவோம்" என்று சொல்லி, ஹோட்டலிலிருந்து வெள்ளைப் படுக்கை விரிப்புகளை வண்டியில் கொண்டுவந்து இறக்கினான்.

ஐம்பத்தேழு பிள்ளைகள் இறங்கி முடித்தார்கள். ஐம்பத்தெட்டாவது எண் சென்ஸி. புர்கி மணியடித்ததும் சரிவு நெடுக நின்ற கம்பக் காவலர் பதினோரு பேரும் பனியில் குப்புறப் படுத்து விரிப்பைப் போர்த்திக்கொண்டார்கள். அதில் ஒருவர் பள்ளித் தலைமை ஆசிரியர், ஒருவர் தீயணைப்புத் தளபதி. சரிவு வெறிச்சென்று வெள்ளையாகக் கிடந்தது.

கீழே வந்திருந்த டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அவங்கல்லாம் எங்க போயிட்டாங்க?"

"அங்கதான் இருக்காங்க. போர்த்திக்கிட்டுக் காவல் பாக்கக்கூடாதுன்னு விதி ஏதாச்சும் இருக்கா?" என்றேன்.

அவர் அறுபத்தொன்றையும் புரட்டினார். இல்லை.

புர்கியும் கண்ணில் படக்கூடாது, என் குடிசைக்குள் இருக்கவேண்டும் என்று ஏற்பாடு. உள்ளே வந்து என் காலை மிதித்துக்கொண்டு நின்றாள். சென்ஸி கிளம்பினாள், கடிகாரம் ஓட ஆரம்பித்தது. முதல் கம்பம், இரண்டாவது, மூன்றாவது. நிற்கவில்லை! அந்தப் பிள்ளை இவ்வளவு அழகாகச் சறுக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். முப்பது வினாடியில் முக்கால் சரிவு வந்துவிட்டாள்.

அப்போது பார்த்து ஒரு காற்று. கடைசிக் கம்பத்தில் படுத்திருந்த தலைமை ஆசிரியரின் விரிப்பு பறந்துவிட்டது. கறுப்புக் கோட்டோடு மனிதர் வெட்டவெளியில் கிடந்தார். புர்கி குடிசையிலிருந்து பாய்ந்தாள். விரிப்பைப் பிடித்தாள், ஓடினாள், அவர்மேல் போட்டாள், நிமிர்ந்தாள்.

எதிரே சென்ஸி.

"வணக்கம், புர்கி!"

கோட்டுக்குப் பத்து மீட்டர் மேலே. கூட்டத்தில் இருநூறு பேர். புர்கி வாயைத் திறந்தாள், மூடினாள். இருபத்தாறு வருடம் எல்லோர் வாயையும் அடைத்தவள் தன் வாயைத் தானே இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். சுடுவதை நான் நேரில் பார்த்தேன்.

சென்ஸி காத்திருந்தாள். ஒரு நிமிடம். மூன்று நிமிடம். "வணக்கம்" என்றாள் மறுபடி, கொஞ்சம் சத்தமாக, காது மந்தமானவர்களிடம் சொல்வதுபோல. ஆறு நிமிடம். விரிப்புக்கு அடியில் தலைமை ஆசிரியர் தும்மினார். பிள்ளை விரிப்பைப் பார்த்தும் வணக்கம் சொன்னாள். கூட்டத்தில் எங்கல்பெர்ட் தொப்பியைக் கடித்துக்கொண்டிருந்தான். எட்டு நிமிடம். சென்ஸியின் உதடு நடுங்க ஆரம்பித்தது.

ஒன்பது நிமிடம் ஆகி, நாற்பதாம் விதிக்கு ஒரு நிமிடமே மிச்சமிருந்தபோது புர்கி அந்தக் காரியத்தைச் செய்தாள். வணக்கம் சொன்ன பிள்ளைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நடந்தாள்.

எங்கள் மலையில் அப்படி யாரும் செய்து நான் பார்த்ததில்லை. எதிரிகூடச் செய்யமாட்டான். கூட்டத்தில் ஒரு கிழவர் சிலுவைக்குறி போட்டார். புர்கி நேராகக் கோட்டை நோக்கி இறங்கினாள். இரண்டு தூண்களுக்கு நடுவே என் கடிகாரத்தின் ஒளிக்கதிர் போகிறது, முழங்கால் உயரத்தில். அவள் கால் அதில் பட்டால் கடிகாரம் அவளுக்காக நின்றுவிடும். தூணைச் சுற்றிப் போனால் பின்னால் வரும் பிள்ளையும் சுற்றித்தான் வரும். கதிரின் உயரம் அவளுக்குத் தெரியும், வருடா வருடம் தூண் நடுபவள் அவள்தானே. கண்ணுக்குத் தெரியாத வேலியைத் தாண்டுகிறவள்போல, தடித்த உடம்போடு ஒரு காலைத் தூக்கி வைத்தாள், பிறகு மறு காலைத் தூக்கி வைத்தாள். நிற்காமல் நடந்தாள்.

"புர்கி! உனக்குக் காது செத்துப்போச்சா? நான் வணக்கம் சொல்றேன்ல!" அழுதுகொண்டே துரத்தினாள் சென்ஸி. ஆயிரம் மீட்டருக்குக் கீழே 'நீ' போட்டுக் கத்திக்கொண்டு கதிரை வெட்டிக்கொண்டு போனாள். ஒன்பது நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி. ஐந்து கிளப். சங்கம் பிழைத்தது.

விரிப்புகள் எல்லாம் எழுந்து குதித்தன. டாக்டர் கையெழுத்துப் போட்டார். புர்கி திரும்பி மண்டியிட்டு, "வணக்கம் சென்ஸி, வணக்கம்டி என் தங்கமே" என்று ஒன்பதாம் விதியை மீறி, கோட்டுக்கு நான்கு மீட்டரிலேயே அழுதாள். தகப்பன்மாருக்குத்தான் தடை, தலைவிக்கு இல்லை என்று நான் குறித்துக்கொண்டேன்.

சென்ஸி அவளைப் பார்க்கவில்லை. சறுக்குப் பலகைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, எனக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, அவளைக் கடந்து போனாள்.

அதன் பிறகு பேச்சே இல்லை. முடிவெட்டவும் வரவில்லை. குவிரின் ஆட்டு ரோமக் கத்தரியால் வெட்டிவிட்டானாம், காது இரண்டும் தனியாகத் தெரிந்தது. ஹின்டர்காருக்குப் புர்கி மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் பிள்ளை கொட்டகைக்குள் போய்விட்டது. "சங்கத்தக் காப்பாத்திட்டேன் காஸ்பர். பிள்ளையத் தொலைச்சிட்டேன்" என்றாள் ஒரு நாள், கையில் வேலையில்லாமல் என் மொட்டைத் தலையைத் துடைத்துக்கொண்டே. அவளுக்காக என் மனம் வலித்தது. ஆனால் முதுகைக் காட்டியது காட்டியதுதான்.

ஜூன் பொதுக்குழுவில் பதினான்காம் விதியில் ஒரு வரி சேர்த்தார்கள்: வணக்கம் சொல்லலாம், பதிலும் சொல்லலாம். எங்கல்பெர்ட் வழிமொழிந்தான்.

ஜனவரியில் முதல் பந்தயம். சென்ஸிக்கு இருபதாவது எண், அடுத்து வெண்டல். காவலர்கள் எல்லோரும் விரிப்பில்லாமல், விதிப்புத்தகத்தின் பலத்தோடு, வணக்கத்துக்குத் தயாராக நின்றார்கள். சென்ஸி யாரையும் பார்க்கவில்லை. அம்பாக வந்தாள். கடைசிக் கம்பத்தில் நின்ற புர்கி, "வணக்கம் சென்ஸி!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். பிள்ளை நிற்காமல் கோட்டைத் தாண்டியது. நாற்பத்தாறு வினாடி. கூட்டம் கை தட்டியது. புர்கி தட்டவில்லை. கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாள்.

கோட்டுக்கு அப்பால் போய் நின்ற சென்ஸி கொஞ்ச நேரம் பனியையே பார்த்தாள். பிறகு பலகைகளைக் குறுக்காக வைத்து, நண்டுபோலப் பக்கவாட்டில் மேலே ஏற ஆரம்பித்தாள். ஓடுதடத்தின் நடுவிலேயே. என் ஒளிக்கதிரை வெட்டினாள், கடிகாரம் குழம்பிப்போயிற்று. மேலிருந்து வந்துகொண்டிருந்த வெண்டல் அவளைப் பார்த்து ஒடித்துத் திரும்பி, தலைமை ஆசிரியரோடு சேர்ந்து உருண்டு வேலிக்குள் போனான்.

சென்ஸி புர்கிக்கு முன்னால் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"போன வருஷம் நான்தான் முதல்ல சொன்னேன்."

"ஆமாடி. நீதான் முதல்ல சொன்ன."

"இப்ப நீங்க சொன்னீங்க. சரியாப் போச்சு. வணக்கம், புர்கி."

எங்கல்பெர்ட் மனுவை நீட்டிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தான். "ஓடுபாதையில குறுக்கீடு! சாட்சி இருக்கு! தலைமை ஆசிரியரே அடியில கெடக்காரு!"

"இரு எங்கல்பெர்ட், மனுவெல்லாம் அப்புறம்" என்றாள் புர்கி. "நான் இன்னும் பதில் வணக்கம் சொல்லல."