கரடி முடி

பெரும்பாறைப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், ஏழு மாதத் தங்கச்சி. எனக்கு ஒன்பது வயது. அம்மாவும் அப்பாவும் பழம் பறிக்கப் போய்விட்டால் பாப்பா என் இடுப்பில் இருக்கும். லயத்து வரிசையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். யாரும் அதைக் கஷ்டம் என்று சொன்னதில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் காப்பி காயவைக்கிற சிமெண்டுக் களம் காலியாகக் கிடந்தது. கரிக்கட்டையால் கோடு போட்டுத் தனியாகப் பாண்டி ஆடினேன். பாப்பாவைக் கீழே விட்டால் அழும். இடுப்பில் வைத்துக்கொண்டே நொண்டினேன். நாலாவது கட்டத்தில் கால் மடங்கியது. நான் முட்டி தேய விழுந்தேன். பாப்பா பின்பக்கமாகப் போய் விழுந்தது. பெரிய சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் அழுதது. அப்புறம் தூங்கிவிட்டது. நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன்.

சாயங்காலம் பாப்பா பால் குடிக்கவில்லை. அம்மா என்னவென்று கேட்டாள். தோட்டத்து ரைட்டர் வீட்டு நாய் பாய்ந்து வந்தது, பாப்பா பயந்துவிட்டது என்று சொன்னேன். பாவாடையை முட்டிக்குக் கீழே இழுத்து வைத்துக்கொண்டேன். அப்பா அப்போதே போய் அந்த நாயைக் கல்லால் அடித்தார். அது ரொம்ப நாள் மூன்று காலில் நடந்தது.

மறுநாளும் பாப்பா கண்ணைத் திறந்து திறந்து மூடியது. பக்கத்து வீட்டு அத்தை வந்து திருநீறு போட்டாள்.

“பயந்த கோளாறு மதினி. திருநீறுக்கெல்லாம் நிக்காது. கரடி முடி வச்சுத் தாயத்துக் கட்டணும். கரடி மூச்சும் மூஞ்சில பட்டா நல்லது.”

“கரடிக்கு எங்க போக?” என்றாள் அம்மா.

“கொடைக்கானல்ல ஜூ இருக்குல்ல. அங்க ஒண்ணு கெடக்குன்னாங்க.”

எங்கள் வகுப்பில் இரண்டு பேர் அந்த ஜூவைப் பார்த்திருந்தார்கள். வருடம் பூராவும் அதையே சொல்வார்கள். நானும் வருவேன் என்று சொல்லி அழுதேன். அப்பா சரி என்றார். அன்று ராத்திரி எனக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. அதை மறைக்க முடியாது.

திங்கட்கிழமை வெள்ளனே பஸ் ஏறினோம். தாண்டிக்குடி தாண்டியதும் பாப்பா கக்கியது. பண்ணைக்காட்டில் மறுபடி கக்கியது.

“பஸ்ஸு ஒத்துக்கல” என்றார் அப்பா.

“ஏங்க, மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயிருவமா?”

“பயத்துக்கு ஊசி போடுவாங்களாக்கும்? சோலியப் பாரு.”

ஜூ பெரிய இடம் இல்லை. ஒரு மேட்டில் பத்துப் பன்னிரண்டு கூண்டு. இரண்டு மயில், கொஞ்சம் முயல், ஒரு முள்ளம்பன்றி, காது கிழிந்த மான் ஒன்று. பனி இறங்கியிருந்தது. கிட்டப் போனால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். நான் ஒவ்வொரு கூண்டாக ஓடினேன். பாப்பா அம்மா தோளில் துணி மாதிரிக் கிடந்தது.

சுற்றுலா வந்த ஒரு பெண், கையில் துள்ளுகிற பையனோடு நின்றாள்.

“எத்தன மாசம்? என்ன சமத்தாத் தூங்குது! எங்களுது ஒரு நிமிஷம் சும்மா இருக்காது.”

“ஆமாங்க” என்றாள் அம்மா.

கடைசிக் கூண்டில் கரடி. கிழடு. ஒரு கண் வெள்ளையாக இருந்தது. ஒரே கம்பியை நக்கிக்கொண்டு இருந்தது. அந்தக் கம்பி மட்டும் துருப்பிடிக்காமல் பளபளவென்று இருந்தது. அப்பா காவல்காரரைத் தேடிப் போய்க் கூட்டி வந்தார்.

“முடியெல்லாம் தரக்கூடாதுப்பா. என் வேல போயிரும்.”

“அண்ணே, பச்சப்புள்ள. ரெண்டு நாளா பால் குடிக்கல.”

காவல்காரர் பாப்பாவைப் பார்த்தார். கம்பியில் சிக்கியிருந்த முடியை உருவி அப்பா கையில் வைத்தார். “வெரசா போயிருங்க” என்றார்.

அப்பா பாப்பாவை வாங்கிக் கம்பி ஓரமாகப் பிடித்தார். கரடி மூக்கை நீட்டியது. பாப்பா நெற்றிக்குக் கிட்ட மோந்தது. அப்புறம் திரும்பிப் போய் மூலையில் உட்கார்ந்துகொண்டது. அப்பா “அவ்வளவுதான், போயிரும்” என்றார். எது போகும் என்று சொல்லவில்லை.

மூலையில் கரடி எனக்குச் சரியாகத் தெரியவில்லை. தடுப்புக் கம்பியில் ஏறி நின்று எட்டிப் பார்த்தேன். பாவாடை மேலே ஏறிவிட்டது. அம்மா அப்போதுதான் பாப்பாவைத் திரும்ப வாங்கிக் குல்லாவைச் சரிசெய்துகொண்டு இருந்தாள். அவள் கை பாப்பாவின் பின்தலையில் நின்றுவிட்டது. அவள் கண் என் முட்டியில் இருந்தது. முட்டி தேய்ந்து பொருக்குக் கட்டியிருந்தது.

“நாயிதானடி?” என்றாள் மெதுவாக.

“நாய்தான்.”

அப்பா முடியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு இருந்தார். அம்மா ஒரு கையால் என் பாவாடையைக் கீழே இழுத்து விட்டாள்.

“எறங்கு. எல்லாரும் பாக்குறாங்க.”

வெட்கம் கெட்டு நிற்கிறேன் என்று திட்டுகிறாள் என நினைத்தேன்.

பிறகு அவள் அப்பாவைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். அப்பா கத்திக்கொண்டே பின்னால் வந்தார். அம்மா அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

டாக்டரம்மா குல்லாவைக் கழற்றிப் பார்த்தார். கண்ணில் டார்ச் அடித்தார்.

“கொழந்த எங்கயாச்சும் விழுந்துச்சா?”

“நாயப் பாத்துப் பயந்திருச்சுங்க” என்றார் அப்பா.

“பயந்தா தல வீங்குமா? யார் கையில இருந்துச்சு?”

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

“என் கையிலதாங்க. நாந்தான் கீழ போட்டுட்டேன்” என்றாள்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அவர் கையில் அந்தக் காகித மடிப்பு இருந்தது. டாக்டர் இருந்ததால் அடிக்கவில்லை.

மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வண்டி பேசி என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். வத்தலக்குண்டு வரும் முன்னாலேயே பாப்பா போய்விட்டது. கரடி முடியையும் சேர்த்துப் புதைத்தார் அப்பா.

நான் பள்ளிக்கூடம் போனேன். கரடி எப்படிக் கம்பியை நக்கும் என்று நாக்கை நீட்டிக் காட்டினேன். எல்லாரும் கேட்டார்கள்.

அப்பா அதற்குப் பிறகு அம்மாவிடம் எதைக் கொடுத்தாலும் ஒன்று சொல்வார். தண்ணீர்ச் செம்பு, அரிசிப் பை, எதுவாக இருந்தாலும்.

“பாத்துப் பிடி. கீழ போட்டுறாத.”

அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள். லயத்தில் யாரும் அவளிடம் பிள்ளையைத் தூக்கக் கொடுப்பதில்லை. அவளும் கேட்பதில்லை.

நான் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டு இருப்பேன். அம்மாவும் எப்போதோ பாப்பாவைக் கீழே போட்டிருக்கிறாள், அதனால்தான் செத்தது, நான் போட்டதால் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு நிம்மதியாக இருந்தது.