இங்கிலாந்து ராணிக்கு ஒரு சத்தியம்

போன மாதம் பிளாக்டவுனில் மருமகள் இந்தக் கங்காரு நாட்டின் குடியுரிமை எடுத்தாள். அவர்கள் வாசித்த சத்தியத்தில் ராணியின் பெயரே இல்லை. பக்கத்துக் கதிரைக்காரரின் கோட்டிலிருந்து பூச்சி உருண்டை வாசம் வந்தது. பிரபு அங்கிள் வந்து குந்திக்கொண்டது போலிருந்தது எனக்கு.

எண்பதுகளின் கடைசி. ஹோம்புஷில் நாங்கள் நாலைந்து பொடியன்கள் இருந்த பழைய வீட்டின் முன்னறை அவருடையது. பிரான்ஸில் பிரபுக் குடும்பம், அதனால் நாங்கள் வைத்த பெயர் அது. பட்டாளத்து அதிகாரி. பிரான்ஸ் பிடித்து வைத்திருந்த அல்ஜீரியாவை விட்டுக்கொடுக்கப் போகிறதென்று சொந்த அரசாங்கத்துக்கே எதிராகத் துவக்குத் தூக்கிவிட்டு ஓடிவந்தவர். அரசாங்கம் பிறகு அவரை மன்னித்தது. அவர்தான் அரசாங்கத்தை மன்னிக்கவில்லை. ராஜாவின் தலையை வெட்டிய குடியரசின் பாஸ்போர்ட்டைத் தொடமாட்டாராம். வெட்டி இருநூறு வருஷம். அவருக்கு அது போன கிழமை. இந்நாட்டுத் தை மாதக் கொதி வெயிலில் பூச்சி உருண்டை மணக்கும் கறுப்புக் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு ராஜாவின் திவசப் பூசைக்குப் போவார். மற்ற நாட்களில் கார் தரிப்பிடத்தில் சீட்டுக் கிழிப்பார். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குச் சரித்திரம் என்பது குசினியில் அவர் வெங்காயம் வெட்டும்போது சொன்னதுதான்.

ஒருநாள் அவருடைய தங்கைக்கு நோய் கடுமை என்று, நடையிலிருந்த வீட்டின் ஒரே டெலிபோனில் செய்தி வந்தது. கண்டு இருபத்தைந்து வருஷம். போவதென்றால் இந்த நாட்டுப் பாஸ்போர்ட்தான் வழி. அதற்கு அந்நாளில் ராணிக்கு விசுவாசமாயிருப்பேன் என்று சத்தியம் செய்யவேண்டும். நாங்கள் பேசியது அரைகுறை இங்கிலீஷில். என் தமிழில் தருகிறேன்.

“உங்களுக்கு ராசா ராணி எண்டால் விருப்பம்தானே, அங்கிள்?”

“அவ இங்கிலீஷ்காரி!”

“அப்ப குடியரசிட்டக் கேளுங்கோ.”

“கொலைகாரரிட்டயா?”

“கெதியா ஒண்டைச் சொல்லுங்கோ. தங்கச்சி பாத்துக்கொண்டு இருக்கமாட்டா.”

வெங்காயக் கத்தியை வைத்துவிட்டு, “எங்க கையெழுத்துப் போடோணும்?” என்றார்.

சத்தியம் செய்ய அழைப்பு வர மாதக்கணக்கானது. டெலிபோன் அடிக்கும்போதெல்லாம் வெளிறிப்போவார். அந்த நாளுக்குத் திவசக் கோட்டோடு வந்தார். நானும் அன்றைக்கே செய்தேன். பாஸ்போர்ட் தந்தால் யாருக்கும் சத்தியம் செய்யச் சம்மதம் எனக்கு.

பிரான்ஸுக்குப் போய்ச் சேர்ந்து டெலிபோன் எடுத்தார்.

“தங்கச்சி?”

“இருக்கிறா.”

“என்ன சொல்லுறா?”

“இங்கிலீஷ்காரரோட சேந்திட்டியே எண்டு ஏசுறா. வந்த நாளிலயிருந்து ஏசுறா.”

பின்னால் ஒரு பெண்குரல் ஏசிக்கொண்டேதான் இருந்தது. சாகிற குரல் இல்லை. தங்கச்சி பிழைத்துவிட்டாள் என்று நான் நடையில் நின்று கத்திச் சொல்ல, அறை அறையாகப் பொடியன்கள் வந்து ரிசீவரில் காது வைத்துக் கேட்டுச் சிரித்தார்கள்.

அவர் திரும்பவில்லை. நானும் மெல்பேர்ன், டார்வின் என்று அலைந்தேன். இப்போது அந்த வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி. ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு டெலிபோன். யாருடைய தங்கை பிழைத்தாள் என்று பக்கத்து அறைக்குத் தெரியாது.