நான் வைத்ததாகச் சொன்ன பெயர்

எங்கள் வீட்டில் ஒரு வெள்ளிப் பாலாடை இருந்தது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் கைக்குழந்தையில் அதில்தான் பால் புகட்டினார்களாம். எனக்கும் அதில்தான். அதன் மூக்கு ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். வேலைக்காரி கீழே போட்டுவிட்டாள் என்று அம்மா சொல்வாள்.

அப்போது எனக்கு இருபது வயது. காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பகலில் ஜவுளிக்கடையில் துணி கிழித்தேன். மற்ற நேரமெல்லாம் கவிஞன். வீட்டிலிருந்த பழைய சாமான்களைப் பற்றி வரிசையாகக் கவிதை எழுதுவதாகத் திட்டம். சைகோனிலிருந்து வந்த தகரப் பெட்டி, தாத்தாவின் கைத்தடி என்று ஒவ்வொன்றுக்கும் கதை கேட்டு எல்லோரையும் நச்சரித்தேன்.

அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெரியம்மா கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து பாலாடையை விபூதி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பாவுக்கும் அவருக்கும் பிள்ளை இல்லை; எங்களோடுதான் இருந்தார்கள். நசுங்கலைப் பற்றி எழுதப்போகிறேன் என்றேன்.

"அது வேலைக்காரி போட்டதில்ல. நான் போட்டது" என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். சுரக்குடியில், தாய்வீட்டில், அவருக்கு ஒரு பெண் பிறந்தது. பெரியப்பா இந்தப் பாலாடையை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு முறை போய்ப் பார்த்தார். பதினெட்டாம் நாள், பால் புகட்டிக்கொண்டிருக்கும்போதே குழந்தையின் வாயிலிருந்து பால் வழிந்தது. பாலாடை கை நழுவியது. பெயர் சூட்டாத பிள்ளைக்கு அழக்கூடாது என்று பெரியவர்கள் அடக்கிவிட்டார்கள். ஆனால் பெரியம்மா அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார். அதன் காதில் மட்டும் சொல்லிக் கூப்பிட்ட பெயர். அதை என்னிடம் சொல்லிவிட்டு, "ஒங்க பெரியப்பாவுக்குக்கூட தெரியாது" என்றார்.

யாரிடமும் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. பின்னால் பல நாள் இந்தச் சாக்கைத்தான் நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றே நாளில் கவிதையை முடித்தேன். அதில் இறந்துபோனது என் தங்கை; அழுகிறவன் நான். அந்தப் பெயர் ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் வந்தது. வாசகசாலை ஆண்டுவிழாவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அதை வாசித்தேன். குரலை வேண்டுமென்றே இரண்டு இடத்தில் தழுதழுக்க விட்டேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பெரியப்பா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மத்தியானம் அவரும் நானும் சாப்பிட உட்கார்ந்தோம். பெரியம்மா பரிமாறினார். பெரியப்பா வாய் ஓயாமல் விழாவைப் பற்றியே பேசினார். கவிதையில் மனசில் நின்ற வரிகளைச் சொன்னார். அந்தப் பெயரையும் சொன்னார், இரண்டு மூன்று தடவை, ருசித்து ருசித்து.

"பேரு நல்லாருந்துச்சுப்பா. எங்கேருந்து புடிச்சே?"

குழம்புக் கரண்டி என் இலைக்கு மேலே அப்படியே நின்றது. நான் நிமிரவில்லை.

"நானா வச்சதுதான் பெரியப்பா" என்றேன்.

கரண்டி இறங்கிக் குழம்பை ஊற்றிவிட்டுப் போயிற்று.

மறுநாள் கிணற்றடியில் பெரியம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கோபப்படவில்லை.

"அவரு வாயால அந்தப் பேரக் கேக்கணும்னு எத்தனையோ வருஷம் நெனச்சுருக்கேன். என்னைக்காவது சொல்லிடலாம்னுதான் இருந்தேன். இப்ப நீ வச்ச பேருன்னு சொல்லிட்டே. இனிமே நான் எப்புடிச் சொல்றது?"

பெரியப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஆனால் சொல்லவில்லை. அவர் தான் வேலை பார்த்த மேரி என்கிற நகராட்சி அலுவலகத்தில் என் கவிதையை எல்லோருக்கும் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நாள் ஓடியது.

அக்காவுக்குப் பெண் பிறந்தது. முப்பதாம் நாள் பெயர் சூட்ட உறவெல்லாம் கூடியிருந்தபோது, குடும்பத்தில் மூத்தவர் என்ற முறையில் பெரியப்பா தொட்டிலருகே வந்தார். நம் வீட்டுக் கவிஞன் வைத்த பெயரையே இவளுக்கு வைப்போம் என்றார். எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

"வேணாங்க. அது ஏற்கெனவே ஒரு புள்ளையோட பேரு" என்றார் பெரியம்மா.

கவிதையில் வரும் பிள்ளையைச் சொல்கிறார் என்று நினைத்து யாரோ சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. பெரியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைக்கு வேறு பெயர் வைத்தார்கள்.

பந்தி முடிந்ததும் பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அது நீ வச்ச பேருதானா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வேறெதுவும் கேட்காமல் சமையற்கட்டுக்குப் போனார். பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு அப்போதே சுரக்குடிக்குப் புறப்பட்டார். அங்கே என்ன பேசினார்கள், எங்கே போய் நின்றார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது இருவருக்கும் முகம் வீங்கியிருந்தது.

பெரியப்பா என்னை ஒரு வார்த்தை கடிந்துகொண்டதில்லை. ஆனால், புதிதாக என்ன எழுதியிருக்கிறாய் என்று அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்டதில்லை. அந்தப் பெயரை இங்கேயும் நான் எழுதவில்லை.