சுண்டு விரலைப் பிரிக்கச் சொன்னார்

சின்னண்ணா,

உன் காரியம் முடிந்த நாலாம் நாள் உன் கம்பெனி இன்ஜினியர் வீட்டுக்கு வந்தார். துக்கம் கேட்க வந்திருக்கிறார் என்று அம்மா நாற்காலி எடுத்துப் போட்டாள். அவர் பையிலிருந்து நம் கிளவுஸை எடுத்தார்.

கண்ணை மூடி மாட்டும் விஆர் கண்ணாடிக்குள் தெரிவதைக் கையால் தொட்டுப் பார்க்க நாம் இருவரும் செய்தது. பென்சில் கரி தேய்த்த காகிதப் பட்டையை விரலுக்கு ஒன்றாக வைத்தாய். விரல் மடங்கினால் உள்ளே தெரியும் கையும் மடங்கும். நுனியில் செத்த செல்போன்களிலிருந்து கழற்றிய குட்டி மோட்டார்கள். எதையாவது தொட்டால் விர்ரென்று அதிரும். தையல் என்னுடையது. பத்தாவது ஃபெயிலானாலும் நான் கார்மென்ட்ஸ் டைலர் அல்லவா. சின்ன வயதில் ஒடிந்து கோணலாகக் கூடிய உன் சுண்டு விரலுக்காக அந்த விரலை மட்டும் வளைத்துத் தைத்தேன். மூன்று தடவை பிரித்தேன். "ஏ லூசு, குத்துதுடி!" என்று கத்தினாய்.

அதைக் கம்பெனியில் உன் கையிலேயே மாட்டவைத்து, மேனேஜர் முன்னால் தானே செய்ததாகச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார் அந்த இன்ஜினியர். "சண்ட போட்டா கான்ட்ராக்ட்ட கட் பண்ணிருவாங்கடி" என்றாய். அடுத்த வாரம் போச்சம்பள்ளி கம்பெனிக்கு ஷிஃப்டுக்குப் போகும்போது குருபரப்பள்ளி பக்கத்தில் உன் வண்டியை லாரி அடித்துவிட்டது.

"சுண்டு வெரல மட்டும் பிரிச்சு நேரா தெச்சுக் குடும்மா. என் கை நொழைய மாட்டேங்குது. வெள்ளிக்கெழம பெரிய ஆளுங்க பாக்க வர்றாங்க" என்று அந்த கிளவுஸை என்னிடம் நீட்டினார் இன்ஜினியர்.

"வெச்சுட்டுப் போங்க சார்."

நான் ஊசியைக்கூடத் தொடவில்லை. வியாழக்கிழமை ஃபோன் மேல் ஃபோன். எடுக்கவில்லை. வெள்ளி காலையில் வியர்த்து வழிய வாசலில் நின்றார்.

"கிளவுஸ் எங்கம்மா?"

"செஞ்சவங்கிட்ட போய்க் கேளுங்க சார்."

"வெளையாடாத... சரி, உங்கண்ணன் செஞ்சதுன்னே போர்டுல எழுதிப் போடறேன். குடுத்துரு."

அம்மா என் தோளைப் பிடித்தாள். "குடுத்துருடி. அவன் பேராவது இருக்கட்டும்."

கொடுக்கவில்லை அண்ணா. உன் பெயர் வராமல் போனது என்னால்தான். அம்மா இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் அவர் வெறுங்கையோடு படியிறங்கிப் போனதைப் பார்த்தபோது, நீ போன பிறகு முதல்முறையாக எனக்குப் பசித்தது. இரண்டு உருண்டை களி தின்றேன்.

அவருக்கு என்ன நடக்க வேண்டும் என்று சாமியிடம் தினமும் நானே சொல்கிறேன். அதில் யாரும் சேர வேண்டாம். இதைப் படிக்கிற எல்லோரும் என் அண்ணனுக்காக மட்டும் வேண்டிக்கொள்ளுங்கள். போன இடத்திலாவது அவன் செய்ததை யாரும் பிடுங்காமல் இருக்கட்டும்.